1991 ஓ.எல். வகுப்பு ஒன்றுகூடல்

எல்லோருக்கும் வணக்கம். சாதாரண தரம் எழுதி 35 வருடங்களுக்குப் பிறகு சந்திக்கப் போகிறோம்!

2026 டிசம்பர் 27, ஞாயிறு காலை 9.30. ஹட்டன், நம் பள்ளி மண்டபம்.

1. எத்தனை பேர் வருகிறீர்கள் என்று நவம்பர் 30க்குள் இங்கே எழுதுங்கள். சாப்பாட்டுக்குச் சொல்ல வேண்டும்.
2. டிசம்பர் பௌர்ணமியான உந்துவப் போயாவோடு சிவனொளிபாதமலை யாத்திரை தொடங்கிவிடும். ஹட்டன் பஸ்களில் கூட்டம் நெரியும், அறை கிடைப்பதும் கஷ்டம். கொழும்பிலிருந்து கினிகத்தேனை வழியாக வருபவர்கள் முதல் நாளே வந்துவிடுங்கள். தங்க எங்கள் வீடுகள் இருக்கின்றன. அப்புறம், ஸ்வெட்டர் மறக்க வேண்டாம்.
3. பழைய வகுப்புப் படங்கள் கட்டாயம்.
4. தோட்டத்தை விட்டுப் போன நண்பர்களின் நம்பர் தெரிந்தால் எனக்கு அனுப்புங்கள். ஒருவரும் விடுபடக் கூடாது. காசு இல்லையே என்று யாரும் தயங்காதீர்கள், தனியாகச் சொன்னால் போதும்.

பார்த்தவர்கள் உடனே பதில் போடுங்கள்.