துருவ இரவின் நீராவி: செயற்கைக்கோள் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

துருவ வானிலைச் செயற்கைக்கோள்களைத் திட்டமிட்டு இயக்கும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். குளிர்காலத்தில் துருவங்களின் மேல் இருக்கும் நீராவியை விண்ணிலிருந்து அளக்கும் உங்கள் பணிக்குத் தரையிலிருந்து ஏவும் வானிலைப் பலூன்களின் துணை தேவை என்று வேண்டவே இம்மடலை எழுதுகிறேன்.

அண்டார்க்டிகப் பீடபூமியின் மேல் குளிர்காலத்தில் நிற்கும் நீராவி முழுவதும் நீராக மாறினாலும் அதன் உயரம் ஒரு மில்லிமீட்டரைத் தொடாது. காற்று அவ்வளவு வறண்டிருப்பதாலேயே, நீராவி சிறிதளவு கூடினாலும் தொலை அகச்சிவப்புக் கதிர்களாக (அகச்சிவப்பில் அலைநீளம் மிகுந்தவை) விண்வெளிக்குச் செல்லும் வெப்பம் குறைந்துவிடுகிறது.

சூரிய ஒளியை நம்பும் கருவிகள் துருவ இரவில் பயன்படா. வெப்ப அகச்சிவப்புக் கருவிகளோ, ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில் இருக்கும் மேகத்தையும் பனித்தரையையும் பிரித்தறியத் தடுமாறுகின்றன. நீராவி நுண்ணலைகளைச் சில குறிப்பிட்ட அதிர்வெண்களில் உறிஞ்சி உமிழ்கிறது; இவற்றை வரிகள் என்பர். அவற்றுள் 22 கிகாஹெர்ட்ஸ் வரி இந்தச் சிற்றளவுக்கு மிக வலுவற்றது. எஞ்சுவது 183.31 கிகாஹெர்ட்ஸ் வரி. 1998இல் ஏவப்பட்ட அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோளான நோவா-15 முதல் பல செயற்கைக்கோள்கள் அதைக் கொண்டு அளந்து வருகின்றன. வரியின் மையத்திலிருந்து வெவ்வேறு விலகலில் உள்ள மூன்று அலைவரிசைகளின் ஒளிர்வு வெப்பநிலை (கருவி பெறும் நுண்ணலையின் வலிமையை வெப்பநிலையாகச் சொல்லும் அளவு) வேறுபாடுகளை விகிதமாக்கினால், பனிப்பரப்பின் உமிழ்திறன், அதாவது அது தானே நுண்ணலையை உமிழும் திறன், கணக்கிலிருந்து பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. என் மதிப்பில் இத்துறையின் மிக நேர்த்தியான சிந்தனை இதுவே. எனினும் அது, மூன்று அலைவரிசைகளிலும் உமிழ்திறன் ஒன்றே என்ற அனுமானத்தில் நிற்கிறது. தரையை ஒட்டிய காற்றைவிட அதற்கு மேலுள்ள காற்று வெதுவெதுப்பாக இருக்கும் வெப்பநிலைத் தலைகீழ் நிலையும், துருவ இரவில் அடிக்கடி நேர்ந்து, கணக்கைக் குழப்புகிறது.

இப்பிழைகளின் அளவைச் சொல்லக்கூடியவை, மேலெழும்போதே காற்றின் ஈரப்பதத்தையும் வெப்பநிலையையும் நேரடியாக அளக்கும் வானிலைப் பலூன்கள்தாம். அண்டார்க்டிகாவின் உட்பகுதியில் குளிர்காலத்தில் அவற்றை ஏவும் நிலையங்கள் மிகச் சில. ஆர்க்டிக் பெருங்கடலின் நடுவில் நிரந்தர நிலையமே இல்லை. 2019-20இல் ஜெர்மானிய ஆய்வுக் கப்பலான போலார்ஸ்டர்ன் ஆர்க்டிக் கடற்பனியோடு உறைந்து மிதந்த மொசைக் ஆய்வுப் பயணத்தில் நாள்தோறும் பலமுறை பலூன்கள் ஏவப்பட்டன. அது ஓராண்டோடு முடிந்துவிட்டது.

2024இல் ஆர்க்டிக் வானிலைச் செயற்கைக்கோள் நீராவியின் மற்றொரு வரியான 325 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசைகளையும் விண்ணுக்குக் கொண்டு சென்றது, மகிழ்ச்சி. இத்தகைய ஒவ்வொரு கருவியின் திட்டச் செலவிலும் துருவக் குளிர்கால பலூன் ஏவுதல்களுக்கென ஒரு பங்கை ஒதுக்குங்கள். துருவச் சுற்றுப்பாதையில் ஏறத்தாழ 100 நிமிடத்துக்கு ஒருமுறை உங்கள் செயற்கைக்கோள் திரும்பி வருவதால், அது தலைக்கு மேல் கடக்கும் வேளையோடு பலூனைப் பொருத்துவது கடினமன்று. அந்த அளவீடுகளை, கணிப்பு தவறிய இடங்களையும் மறைக்காமல், அனைவருக்கும் திறந்து வையுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
துருவத் தரவுகளைப் பயன்படுத்தும் ஒருவர்