9 கோடி வருஷத்து எறும்புக்காக ஒரு நன்றி மடல்

ஃப்ரே ஐயாவுக்கும் உங்க வீட்டம்மாவுக்கும் முதல் வணக்கம்.

எறும்புன்னா எனக்கு உயிரு, அதனால ரொம்ப நாளாவே உங்களுக்கு ஒரு நன்றி சொல்லணும்னு மனசுல கிடந்துச்சு. 1966ல நியூஜெர்சியில கிளிஃப்வுட் கடற்கரைப் பக்கம், ரிட்டயர் ஆன வயசுல ரெண்டு பேரும் கல்லு பொறுக்கப் போன இடத்துல களிமண்ணுல இருந்து ஒரு அம்பர் துண்டு, அதான் கல்லா இறுகிப்போன அந்தக் காலத்து மரப்பிசின், எடுத்தீங்களே, அத வீட்டு ஷோகேஸ்லயே வச்சிருந்தா யாரு கேட்டிருக்கப் போறா? நீங்க ஆராய்ச்சிக்குன்னு தூக்கிக் குடுத்துட்டீங்க. அதுக்குள்ள ரெண்டு வேலைக்கார எறும்பு, சுமார் 9 கோடி வருஷமா அப்படியே. அதுவரைக்கும் டைனோசர் காலத்து எறும்புன்னு ஒண்ணுகூட உலகத்துக்குத் தெரியாது.

அத வாங்கி சரியான ஆள்கிட்ட சேர்த்த பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்து டொனால்ட் பெயர்டுக்கு நன்றி. ஹார்வர்டுல அது கைக்கு வந்ததும் எறும்பு தெரிஞ்ச வில்சனக் கூப்பிட்ட ஃபிராங்க் கார்பென்டருக்கும் நன்றி. வில்சன் சார், உங்களுக்குப் பதட்டத்துல கை நழுவி அம்பர் தரையில விழுந்து ரெண்டா உடைஞ்சுதுன்னு நீங்களே எழுதினதப் படிச்சப்போ எனக்கு நெஞ்சே நின்னுடுச்சு, நல்லவேளை துண்டுக்கு ஒரு எறும்புன்னு ரெண்டும் சேதாரமில்லாம தப்பிச்சிடுச்சு.

நீங்களும் கார்பென்டரும் வில்லியம் பிரவுனும் 1967ல எழுதின விவரிப்ப வச்சுதான் நான் எறும்பப் பார்க்கவே கத்துக்கிட்டேன். கட்டெறும்ப லென்ஸ்ல பார்த்தா மீசையில முதல் கணு நீளமா இருக்கும், அதுக்கப்புறம் முழங்கை மடக்கின மாதிரி வளையும். உங்க அம்பர் எறும்புல அந்தக் கணு குட்டை. தாடையும் சின்னது, ரெண்டே பல்லு, அப்படியே குளவி தாடை. ஆனா இடுப்பு எறும்பு இடுப்பு, றெக்கை கிடையாது, பின்னங்காலுக்கு மேல எறும்புக்கே உரிய அந்தச் சுரப்பியும் இருக்கு, கிருமி அண்டாம பார்த்துக்கிற சுரப்பி. பாதி குளவி பாதி எறும்பு, அதான் ஸ்ஃபெகோமிர்மா, குளவி எறும்புன்னு பேரு. இன்னைக்கு பிரேசில்ல 11 கோடி வருஷத்துக்கு முந்தின எறும்பே கிடைச்சாச்சு, 2025ல பேரும் வச்சாச்சு, இருந்தாலும் குளவியில இருந்து எறும்பு வந்த வழிய முதல்ல கண்ணுல காட்டினது இதுதான்.

பேரோட பின்பாதி ஃப்ரேயி, உங்க குடும்பப் பேரு. கண்டெடுத்தவங்க பேர வச்சதுக்கே மூணு பேருக்கும் தனியா ஒரு கும்பிடு போடணும். ஒரே ஒரு மனக்குறை, லத்தீன் இலக்கணப்படி கடைசியில வர்ற அந்த 'இ' ஒரு ஆம்பளையத்தான் குறிக்கும், தம்பதிக்குன்னா ஃப்ரேயோரம்னு வந்திருக்கணும். அம்மா, அந்தக் களிமண்ணுல நீங்களும்தானே குனிஞ்சு தேடுனீங்க, அதனால இந்த மடல்ல உங்களுக்கு ஒரு நன்றி கூடுதலா.