வசந்தாவுக்கு ஒரு கடிதம்

மாட்டுங்கா, மும்பை

அன்புள்ள வசந்தாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ராதாவின் மார்பகப் புற்றுநோய்க் கட்டி தொடக்க நிலையிலேயே கண்டறியப்பட்டது, இத்தனை கவலைக்கு நடுவிலும் எனக்கு ஆறுதலாக இருக்கிறது. அறுவைக்கு முன் கட்டியைச் சூடேற்றும் சிகிச்சைக்காக அறுவையைத் தள்ளிப்போடலாமா என்று கேட்டிருக்கிறாய். தள்ளிப்போட வேண்டாம் என்பதே என் எண்ணம். ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன்.

அந்தச் சிகிச்சையின் அடிப்படை, இயற்பியல் கற்பித்தவள் என்ற முறையில் என்னை மிகவும் கவர்ந்தது. அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் லிங்கன் ஆய்வகத்தில் ஆலன் ஃபென் என்பவர், ராடாருக்காக உருவான ஆன்டெனா நுட்பத்தை இதற்குப் பயன்படுத்தினார். மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரேயில் போலவே மார்பகத்தை இரு தகடுகளுக்கிடையே மெல்ல அழுத்தி, இரு பக்கத்திலிருந்தும் 915 மெகாஹெர்ட்ஸ் மைக்ரோவேவ் அலைகளைச் செலுத்தி, அவை கட்டியில் குவியுமாறு சரிசெய்வார்கள். புற்றுநோய்க் கட்டியில் நீர் அதிகம், சுற்றியுள்ள கொழுப்பில் குறைவு. ஆகவே கட்டி விரைவாகச் சூடேறும், கொழுப்பு அவ்வளவாகச் சூடேறாது. கட்டிக்குள் நுண்ணிய உணர்கருவி ஒன்றைச் செருகி வெப்பநிலையைக் கண்காணிப்பார்கள். இது வெந்நீர் ஒத்தடம் போன்றதன்று. யாராவது ராதாவிடம் வீட்டிலேயே சூடு வைக்கச் சொன்னால், நீ கண்டிப்பாகத் தடுத்துவிடு.

இதன் நோக்கமும் நியாயமானதே. கட்டியை மட்டும் அகற்றி மார்பகத்தைக் காக்கும் அறுவையில், வெட்டியெடுத்த திசுவின் விளிம்பில் புற்றணுக்கள் தென்பட்டால் மீண்டும் அறுவை செய்ய நேரிடும். முன்கூட்டியே சூடேற்றிக் கொன்றுவிட்டால் விளிம்பு சுத்தமாக இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வில், வெப்பம் பெற்ற 34 பேரில் ஒருவருக்கும் விளிம்பில் புற்று இல்லை. அறுவை மட்டும் பெற்ற 41 பேரில் நால்வருக்கு இருந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இத்தனை சிறிய எண்ணிக்கையில் அந்த வேறுபாடு தற்செயலாகவும் வரக்கூடியது. புள்ளியியல் முறையில் அது உறுதிப்படவில்லை. வழக்கமான சிகிச்சையிலும் இது இடம்பெறவில்லை.

இதற்கு மாறாக, எங்கள் பரேலில் உள்ள டாடா நினைவு மருத்துவமனையின் ராஜேந்திர பட்வே தலைமையில் நடந்த ஓர் ஆய்வைப் பார். அறுவைக்குச் சில நிமிடங்கள் முன்பு கட்டியைச் சுற்றி, மரத்துப்போக வைக்கும் லிடோகெய்ன் மருந்தை ஊசியால் செலுத்தினார்கள். சுமார் 1600 பெண்கள் பங்கேற்றார்கள்; 2023இல் வெளியான முடிவின்படி, ஐந்தாண்டு கடந்தும் உயிரோடிருந்தவர்கள் ஊசி போட்ட பிரிவில் 90.1 விழுக்காடு, போடாத பிரிவில் 86.4 விழுக்காடு. விலை மலிவான மருந்து அது. ராதாவின் அறுவை மருத்துவரிடம் இதைப் பற்றி நிச்சயம் கேளுங்கள்.

மார்பகத்தை முழுவதும் எடுத்தால்தான் உயிர் தப்பும் என்று ராதா அஞ்சுவதாக எழுதியிருக்கிறாய். பாவம், அந்த அச்சத்தை யார் அவள் மனத்தில் விதைத்தார்களோ! இத்தாலியின் மிலான் நகரில் உம்பெர்த்தோ வெரோனேசி, சிறிய கட்டியுடைய 701 பெண்களை ஆராய்ந்து, 2002இல் இருபதாண்டு முடிவை வெளியிட்டார்: மார்பகத்தைக் காத்துக் கதிர்வீச்சும் பெற்றவர்கள், முழுவதும் அகற்றிக்கொண்டவர்களுக்குச் சமமாகவே வாழ்ந்தார்கள். அவளுக்கு அது பொருந்துமா என்பதைக் கட்டியின் அளவையும் இடத்தையும் பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

இரண்டாவது கருத்து கேட்க வேண்டுமென்றால் அவளை இங்கே அழைத்து வா. எங்கள் வீட்டிலேயே தங்கலாம். மாட்டுங்காவிலிருந்து பரேல் ரயிலில் இரண்டாவது நிலையம்தான். பயாப்சி என்ற திசுப் பரிசோதனை அறிக்கையோடு, அந்தத் திசுவைப் பதித்து வைத்திருக்கும் கண்ணாடித் தகடுகளையும் மெழுகுத் துண்டையும் அங்கிருக்கும் பரிசோதனைக் கூடத்தில் மறக்காமல் கேட்டு வாங்கிக்கொள். இங்கே மறுபடி பார்க்க அவை தேவைப்படும். புறப்படும் நாளைத் தெரிவித்தால், நான் தாதர் நிலையத்துக்கே வந்து உங்களை அழைத்து வருகிறேன்.

அன்புடன்,
மீனாட்சி