மறுசுழற்சி விகிதம்: ஒற்றை எண் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் கணக்குப்படி, 2023இல் சிங்கப்பூரின் ஒட்டுமொத்த மறுசுழற்சி விகிதம் 52 விழுக்காடு. பாதிக்குமேல் என்றதும் மனம் நிறையலாம். ஆனால், வீட்டுக் கழிவில் அது 12 விழுக்காடு மட்டுமே.

கணக்கு எடையை வைத்துப் போடப்படுவது இந்த இடைவெளியை மறைத்துவிடுகிறது. இடித்த கட்டடங்களின் கான்கிரீட்டும் இரும்பும் கனமானவை. ஏறத்தாழ முழுவதுமாக மீட்கப்படும் அவை மொத்த விகிதத்தை உயர்த்திப் பிடிக்க, 5 விழுக்காடு அளவிலேயே மறுசுழற்சியாகும் பிளாஸ்டிக் கண்ணில் படாமலே போகிறது.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளின் கீழே உள்ள நீல நிற மறுசுழற்சித் தொட்டிகளில் சேர்வதில் சுமார் 40 விழுக்காடு, மறுசுழற்சிக்கு ஏற்காத பொருளாகவோ உணவும் பானமும் பட்டுக் கெட்டதாகவோ இருக்கிறது. குழம்பு வழியும் ஒரு பொட்டலம் விழுந்தால், அடியில் உள்ள அட்டைப்பெட்டிகளும் செய்தித்தாள்களும் அதோடு பாழாகின்றன. எங்கள் பேட்டையில் எவ்வளவு பாழாகிறது என்பதைத்தான் நாங்கள் அறிய வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியம், தொட்டியில் சேர்ந்த எடையை அல்லாமல், தரம் பிரித்தபின் மறுசுழற்சிச் செயல்பாட்டுக்குள் நுழையும் எடையையே கணக்கில் கொள்ளும் விதியை 2019இல் வகுத்தது. 2030க்குள் வீட்டு மறுசுழற்சி விகிதத்தை 30 விழுக்காடாக்க இலக்கு வைத்துள்ள நாமும், சேகரித்த எடை, நிராகரித்த எடை இரண்டையும் பேட்டைவாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், தெம்பனிஸ்