ஸ்டுட்கார்ட்டில் என்னைப் பேச வைத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லாருக்கும் வணக்கம்.

ஜெர்மன் மொழியில் பி1 என்ற இடைநிலைத் தேர்வில் பாஸ். நாற்பது தாண்டிய பிறகு ஊருக்கு ஃபோன் போட்டு "அம்மா, பாஸ்" என்று சொல்வது தனிச் சுகம்தான். இந்த நன்றியை ஜெர்மனில் எழுதி உங்கள் கையில் ஏற்கெனவே கொடுத்துவிட்டேன். இது நம்மவர்கள் படிப்பதற்காக.

முதலில் ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலே என்ற வயது வந்தோர் கல்வி மையத்தின் ஆசிரியைக்கு. குடியேறியவர்களுக்கான ஒருங்கிணைப்பு வகுப்பில் மொழிக்கு மட்டும் 600 பாடவேளை என்றதும் மலைத்துப்போனேன். சிரியா, உக்ரைன், பிரேசில் என்று ஆளுக்கொரு நாடு. தெரிந்த அரைகுறை ஜெர்மனை விட்டால் எங்களுக்குள் வேறு பொதுமொழி கிடையாது. அதுவே பெரிய வசதி. துணை வாக்கியத்தில் வினைச்சொல் கடைசிக்குப் போகும் என்றீர்கள். மற்றவர்கள் தலையில் கை வைத்தார்கள். தமிழ்க்காரிக்கு அதில் என்ன கஷ்டம்? ஆனால் மேசை ஆண்பால், கதவு பெண்பால், சிறுமி மட்டும் அஃறிணை என்பதை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பேக்கரி அம்மாவுக்கு: பின்னால் வரிசை நீண்டாலும் நீங்கள் ஆங்கிலத்துக்குத் தாவியதே இல்லை. உங்கள் ஸ்வேபிய வட்டார வழக்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை, அது வேறு விஷயம்.

அப்புறம், யாழ்ப்பாணத்து அக்கா. நீங்கள் எண்பதுகளில் அகதியாக வந்தபோது இந்த வகுப்பெல்லாம் ஏது? அதற்கான சட்டம் 2005-இல்தான் வந்தது. உணவக அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டே கற்ற ஜெர்மன் உங்களுடையது. எனக்காக அலுவலகம் அலுவலகமாக வந்தீர்கள். ஒருநாள் டாக்டர் முன்னால் உட்கார வைத்து, "நீங்களே கதையுங்கோ, நான் பக்கத்திலதானே இருக்கிறன்" என்றீர்கள். வலி எங்கே, எப்போதிருந்து, எப்படிப்பட்டது என்று என் உடம்பைப் பற்றி நானே சொன்னேன். சான்றிதழைவிட அதுதான் எனக்குப் பெரிது.

பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்கும் இப்போது தனியாகவே போகிறேன். முன்பெல்லாம் மகள்தான் மொழிபெயர்ப்பாளர். அந்தக் காலத்தில் அவளைப் பற்றி ஒரு புகார்கூட என் காதுக்கு வந்ததில்லை. இப்போது எல்லாம் வருகிறது. அவளுக்கும் நன்றி சொல்ல வேண்டியதுதான். அந்தப் புகார்களைப் பேசி முடித்துவிட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் மாணவி