இரண்டாவது கம்ப்யூட்டர் வாங்குவதற்கு முன்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. ஒரு ஆவணப்படத்தின் இசையில் முழுகிக் கிடந்தேன். பதினான்கு துண்டுகள், எல்லாமே முழு ஆர்க்கெஸ்ட்ராவுக்கு. நேற்று இரவுதான் கடைசித் துண்டை அனுப்பினேன். உன் தோள்பட்டை வலி இப்போது எப்படி இருக்கிறது? மவுஸை இடது கைக்கு மாற்றிப் பார்க்கச் சொன்னேனே, செய்தாயா? செய்திருக்க மாட்டாய், தெரியும்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். வாத்திய ஒலிகளைத் தனியாக ஏற்றிவைத்து ஓட்டும் சர்வர் மென்பொருளான வியன்னா என்செம்பிள் ப்ரோ வாங்கிவிட்டேன், இனி அதற்கென்று தனியாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கட்டுமா என்று கேட்டிருந்தாய். இப்போது வேண்டாம். அதே கம்ப்யூட்டரில், நீ பாட்டை எழுதிப் பதியும் கியூபேஸ் மென்பொருளுக்குப் பக்கத்திலேயே சர்வரை ஓட்டு. பெயர் சர்வர் என்று இருப்பதால் வேறு பெட்டியில்தான் ஓட வேண்டும் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். ஒரே பெட்டியில் ஓட்டினாலே அதன் பலனில் பெரும்பங்கு கிடைத்துவிடும்.

ஏன் என்று சொல்கிறேன். வாத்தியங்களின் ஒலிப்பதிவுகள் அடங்கிய நம் லைப்ரரிகளில் ஒரு வயலின் என்றால் ஒவ்வொரு சுரத்துக்கும் மெல்லியது முதல் உரத்தது வரை பல அடுக்குகள், லெகாட்டோ, ஸ்டக்காட்டோ, பிட்சிக்காட்டோ என்று வாசிக்கும் விதத்துக்கெல்லாம் தனித்தனிப் பதிவுகள், போதாததற்கு மூன்று நான்கு மைக் நிலைகள். அந்தப் பதிவுகளை வாசிக்கும் மென்பொருளான சாம்ப்ளர் இவற்றை முழுதாக நினைவகத்தில் ஏற்றுவதில்லை. ஒவ்வொரு சாம்பிளின், அதாவது ஒவ்வொரு பதிவின், தொடக்கத்தை மட்டும் ஏற்றிவைத்துக்கொண்டு, மிச்சத்தை வாசிக்கும்போது டிஸ்க்கிலிருந்து இழுத்துக்கொள்ளும். கான்டாக்ட் என்ற சாம்ப்ளரில் அந்தத் தொடக்கத் துண்டு வழக்கமாக 60 கிலோபைட். இருபதாயிரம் சாம்பிள் என்றால் 1.2 ஜிகாபைட். வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் இருந்தால் அதை 12 கிலோபைட்டுக்கு இறக்கலாம். அதே இருபதாயிரமும் 240 மெகாபைட்டில் அடங்கிவிடும். இன்னும் 60-லேயே வைத்திருக்கிறாயா என்று பார், முதல் வேலையாக அதைச் செய்.

ஆனால் எவ்வளவு குறைத்தாலும் ஒரு பாட்டை மூடி இன்னொன்றைத் திறக்கும்போது கியூபேஸ் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஏற்றுகிறது. ஒரு பாட்டைத் திறக்கப் பதினொரு நிமிடம் ஆகிறது என்று எழுதியிருந்தாயே, அது அங்கேதான் போகிறது. சர்வரில் வைத்துவிட்டால் வாத்தியக்காரர்கள் எல்லாரும் மேடையிலேயே உட்கார்ந்திருப்பார்கள், மாறுவது நோட்டுத் தாள் மட்டும்தான். கியூபேஸ் நடுவில் செத்து விழுந்தாலும் சர்வர் அப்படியே நிற்கும். இந்தப் பதினான்கு துண்டுகளுக்கும் தினம் காலையில் ஒரு முறை டெம்ப்ளேட்டை, அதாவது வாத்தியங்களை அடுக்கிவைத்த தொகுப்பை, ஏற்றிவிட்டு இரவு வரை மறுபடி ஏற்றவே இல்லை.

இதற்கு, கியூபேஸுக்குள்ளிருந்து சர்வரை இணைக்கும் பிளக்இன் ஜன்னலில் ‘பிரிசர்வ்’ என்ற பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும். கியூபேஸ் மூடினாலும் சர்வரில் இருப்பது போகாது. பக்கத்திலேயே ‘டீகப்பிள்’. நீ அதைத் தொடவில்லை என்று நினைக்கிறேன். ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் திரை உறைகிறது என்று எழுதியிருந்தாயே, அதன் காரணம் இதுதான். டீகப்பிள் செய்யாவிட்டால் சர்வரில் உள்ள எல்லா வாத்தியங்களின் அமைப்பையும் கியூபேஸ் தன் கோப்புக்குள் திணித்துச் சேமிக்கும். தானாகச் சேமிக்கும் வசதியும் ஓடிக்கொண்டிருந்தால் கேட்கவே வேண்டாம்.

டீகப்பிள் செய்துவிட்டு நான் மாட்டிக்கொண்ட கதையையும் கேட்டுக்கொள். இரண்டாவது துண்டை அனுப்பி, இயக்குநர் தலையசைத்து, எல்லாம் முடிந்தது. ஒன்பதாவது துண்டுக்காக டெம்ப்ளேட்டில் வியோலாக்களை வேறு லைப்ரரிக்கு மாற்றினேன், ஹார்ன்களை 3 டெசிபல் குறைத்தேன், அதே பெயரில் சேமித்தேன். மறுவாரம் இரண்டாவது துண்டில் ஒரே ஒரு இடத்தை நீட்டச் சொன்னார்கள். திறந்தால் அது என் பாட்டே இல்லை! வியோலாக்கள் யாரோ போல வாசிக்கின்றன, ஹார்ன்கள் சுவருக்குப் பின்னால் போய்விட்டன. கியூபேஸ் கோப்பில் சுரங்கள் மட்டும்தான் இருந்தன, ஒலியின் அமைப்பெல்லாம் சர்வரின் கோப்பில், அதை நானே அழித்தெழுதியிருந்தேன். பழைய ஒலியைக் காதால் தேடித் தேடிப் பிடிக்க விடிந்துவிட்டது. இப்போது ஒரு துண்டு முடிந்ததும் சர்வர் கோப்பை அந்தத் துண்டின் பெயரிலேயே ஒரு பிரதி எடுத்துப் பக்கத்தில் வைக்கிறேன். ஒவ்வொரு பிரிவையும் ஆடியோவாகவும் எடுத்துவிடுகிறேன். இடம் பிடிக்கும்தான், பிடித்துவிட்டுப் போகட்டும்.

அப்புறம், நாற்பது வாத்தியங்களுக்கு நாற்பது இன்ஸ்டன்ஸ், அதாவது சர்வருக்குள் நாற்பது தனித்தனித் தொகுதி, போட்டிருப்பதாகச் சொன்னாய். அடப்பாவி! தந்திக்கு ஒன்று, புல்லாங்குழல் போன்ற மரக்காற்றுக்கு ஒன்று, ஹார்ன் போன்ற பித்தளைக்கு ஒன்று, தாளத்துக்கு ஒன்று, மிச்சமெல்லாம் சேர்த்து ஒன்று. ஐந்து போதும். ஒரு இன்ஸ்டன்ஸுக்குள் பல மிடி (எந்தச் சுரத்தை எப்போது வாசிப்பது என்ற கட்டளை) போர்ட்கள் கிடைக்கும், போர்ட்டுக்கு 16 சேனல். அமைப்புப் பக்கத்தில் ஒரு இன்ஸ்டன்ஸுக்கு எத்தனை திரெட் (ப்ராசசர் ஒரே நேரத்தில் ஓட்டும் வேலை வரிசை) என்று ஒரு எண் இருக்கும். ப்ராசசரில் இருக்கும் மொத்தத் திரெட்டை இன்ஸ்டன்ஸ் எண்ணிக்கையால் வகுத்துப் போடு. நாற்பதும் ஒவ்வொன்றாக எல்லாத் திரெட்டையும் கேட்டால் ஒன்றின் காலை ஒன்று மிதிக்கும், கரகரப்பு வரும். தினமும் தேவைப்படாத வாத்தியங்களை ‘டிசேபிள்’ செய்து வை. சேனல் பட்டியலில் பெயர் இருக்கும், நினைவகத்தில் இருக்காது.

இவ்வளவும் செய்த பிறகும் நினைவகம் நிரம்பி வழிந்தால்தான் இரண்டாவது பெட்டி. அப்போது ஈதர்நெட் கம்பி ஒன்று போதும், மிடி போவதும் ஒலி திரும்புவதும் அதிலேயே. வைஃபையில் முயற்சி செய்யாதே. 48 கிலோஹெர்ட்ஸில் 32 பிட்டாக ஒரு சேனல் வந்தால் நொடிக்கு சுமார் 1.5 மெகாபிட் ஆகும். 64 சேனலுக்கு 98. நான் முதலில் பழைய 100 மெகாபிட் ஸ்விட்ச் ஒன்றை நடுவில் வைத்துவிட்டு, ஒலி ஏன் அறுந்து அறுந்து வருகிறது என்று இரண்டு நாள் பிளக்இன்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஜிகாபிட்டுக்கு மாற்றியதும் வாயடைத்துப்போனேன்.

தாமதத்தையும் கவனி. அதே 48 கிலோஹெர்ட்ஸில், ஒலியை அனுப்புமுன் கியூபேஸ் சேர்த்துவைக்கும் அளவான பஃபர் 256 என்றால் 5.3 மில்லிசெகண்ட். பிளக்இனில் ‘2 பஃபர்’ என்று வைத்தால் அதற்கு மேல் இன்னும் 10.7 கூடும். மிக்ஸ் செய்யும்போது அது ஒன்றுமே இல்லை. கீபோர்டில் ஸ்டக்காட்டோ வாசிக்கும்போது விரலுக்குப் பின்னால் ஒலி ஓடி வருவது போலிருக்கும். வாசிக்கும்போது குறை, பிறகு கூட்டு.

இதையெல்லாம் எழுதும்போது அந்த நான்கு கம்ப்யூட்டர் அறைதான் ஞாபகம் வருகிறது. ஜிகாஸ்டுடியோ என்ற பழைய சாம்ப்ளர் மென்பொருளின் காலம். ஒவ்வொரு பெட்டிக்கும் தனி சவுண்ட் கார்டு, தனி மிடி கம்பி, ஒலியைக் கொண்டுபோகும் ஏடாட் ஆப்டிக்கல் கம்பி, நடுவில் நீ தரையில் படுத்துக்கொண்டு எது எதில் போகிறது என்று டார்ச் அடித்துப் பார்ப்பாய். செல்லோ ஓடிய கம்ப்யூட்டரின் விசிறிச் சத்தம் பதிவில் ஏறிவிடக் கூடாதென்று மேலே போர்வையைப் போட்டு அதைச் சுட்டெரித்தது நான்தான் என்பதை நீ இன்னும் மறந்திருக்க மாட்டாய். 2008-ல் ஜிகாஸ்டுடியோவையே நிறுத்திவிட்டார்கள். அப்போது நாம் வருத்தப்பட்டோம், முதுகுதான் சந்தோஷப்பட்டிருக்கும்.

உன் தந்திப் பாட்டின் கியூபேஸ் கோப்பையும் சர்வர் கோப்பையும் சேர்த்தே அனுப்பு. ஒன்றை மட்டும் அனுப்பினால் எனக்கு வெறும் சுரங்கள்தான் தெரியும். ஞாயிறு பகல் முழுக்க ஓய்வுதான், உட்கார்ந்து ஐந்து இன்ஸ்டன்ஸாகப் பிரித்துத் திருப்பி அனுப்புகிறேன். இரண்டாம் பகுதியில் வியோலாவுக்கு எழுதியிருப்பது அதன் எல்லைக்குக் கீழே போகிறது என்று சந்தேகம், அதையும் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
போர்வைக்காரன்