ஊசி போடுததுக்கு முன்னாடி எந்தக் கைன்னு ஒரு வார்த்த கேளுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் 1986ல இருந்து 31 வருஷம் நர்ஸா வேல பார்த்து ரிட்டயர்டு ஆனவ, பாளையங்கோட்டைல இருக்கேன். போன மாசம் எங்க அக்காவுக்கு வாந்தி காய்ச்சல்னு ஒரு தனியார் ஆஸ்பத்திரில சேர்த்துட்டு கூட நாலு நாள் இருந்தேன், அங்க பார்த்தத எழுதாம இருக்க முடியல. பேர் சொல்ல மாட்டேன், ஏன்னா இது அந்த ஒரு இடத்துல மட்டும் நடக்குத விஷயம் இல்ல.

அக்கா முக்கூடல் பக்கம், சின்ன வயசுலருந்து பீடி சுத்துதவ. சோத்துக் கைதான் அவளுக்கு எல்லாம், இல வெட்ட கத்திரி பிடிக்கதும் அந்தக் கைதான். ட்ரிப்ஸ் ஊசி போட ட்யூட்டிக்கு வந்த நர்ஸ் பிள்ளைக்கு 22 வயசு இருந்தா அதிகம். வந்தா, கிளவுஸ் ஒண்ண எடுத்து கையில இறுக்கக் கட்டுனா (டூர்னிக்கேன்னு அதுக்குன்னு இருக்க பட்டை இல்ல போல), வலது மணிக்கட்டுல பெருவிரல் பக்கம் படபடன்னு ரெண்டு தட்டு தட்டுனா, ஸ்பிரிட் பஞ்சால ஒரு இழுப்பு, வாயால ஃபூன்னு ஒரு ஊது, திரும்பவும் விரல வச்சு தடவிப் பார்த்துட்டு குத்திட்டா. பிளாஸ்டர் துண்டெல்லாம் முன்னாடியே வெட்டி ட்ரிப்ஸ் ஸ்டாண்டு கம்பில வரிசையா ஒட்டி வச்சிருந்தா, அத எடுத்து மேல ஒட்டிட்டுப் போயிட்டா. நான் வாயத் தொறக்கப் போனேன், அக்கா "சும்மா இருட்டி, அந்தப் பிள்ள பாவம்"னா. நானும் ரிட்டயர்டு ஆன கிழவி வந்து வாத்தியார் வேல பாக்கான்னு நினைப்பாவளேன்னு பேசாம இருந்துட்டேன். அது என் தப்பு.

நம்ம ஊர்ல எல்லாரும் "நரம்பு கிடைக்கல, நரம்பு கிடைக்கல"ன்னு சொல்லுதோம்லா, அது நரம்பே கிடையாது, ரத்தக்குழாய். உண்மையான நரம்பு அதுக்குப் பக்கத்துலயே ஓடுது, அதுவும் மணிக்கட்டுல பெருவிரல் பக்கத்துல தோலுக்கு அடியிலயே கிடக்கு. அங்க ஊசி பட்டா கரண்டு அடிச்ச மாதிரி விரல் நுனி வரைக்கும் சுருக்குன்னு இழுக்கும். அப்படி இழுத்தா உடனே சொல்லணும், உடனே ஊசிய வெளிய எடுக்கணும், தாங்கிக்கிடுங்கன்னு சொல்லப்படாது. இதுக்காவத்தான் மணிக்கட்டையும் முழங்கை மடிப்பையும் முடிஞ்ச மட்டும் விட்டுட்டு, அதிகம் வேல செய்யாத கையில, மடங்காத இடமாப் பார்த்து முன்னங்கைல போடச் சொல்லுதது. மடங்குற இடத்துல போட்டா கைய அசைக்க அசைக்க உள்ள இருக்க பிளாஸ்டிக் குழாய் ரத்தக்குழாய்ச் சுவர உரசிக்கிட்டே இருக்கும்.

நாங்க சேர்ந்த புதுசுல வென்ஃப்ளான்னு இப்ப போடுத பிளாஸ்டிக் குழாய் ஊசியெல்லாம் அவ்வளவா கிடையாது, பட்டர்ஃப்ளைன்னு இரும்பு ஊசி, கை ஆடிறக் கூடாதுன்னு அடியில பலகைய வச்சு துணிய சுத்திக் கட்டுவோம், ராத்திரி தூக்கத்துல கைய மடக்கிட்டா காலைல முழங்கை இட்லி மாதிரி வீங்கிக் கிடக்கும். இப்ப எவ்வளவோ வசதி. ஆனா வசதி வந்த உடனே யோசனை போயிட்டோன்னு தோணுது.

ஊசியோட பின்பக்கக் கலர் பார்த்திருப்பீங்க. பச்சை 18, ரோஸ் 20, நீலம் 22, மஞ்சள் 24. நம்பர் கூடக் கூட ஊசி மெலிசு. தடிமன் ரெண்டு மடங்கு ஆனா ஓட்டம் 16 மடங்கு வரைக்கும் கூடும், அதனாலதான் ஆக்ஸிடெண்ட் கேஸ், பிரசவத்துல ரத்தப்போக்குன்னா பச்சையோ அதவிட தடிசா சாம்பல் கலரோ போடுதது. சாதாரண காய்ச்சல்ல படுத்திருக்க வயசானவங்களுக்கு அது எதுக்கு, நீலம் தாராளமா போதும். பெரிய குழாயாப் பார்த்து, வேலைக்குப் போதுமான அளவுல சின்ன ஊசிய போட்டா சுத்தியும் ரத்தம் ஓட இடம் இருக்கும், மருந்து கலந்து போயிரும், எரிச்சல் குறையும். அக்காவுக்குப் போட்டது பச்சை. கேட்டா "ட்ரேல அதான் இருந்துச்சு"ன்னு சொன்னா, அந்தப் பிள்ளைய என்னன்னு குத்தம் சொல்ல, ஸ்டோர்ல இருந்து வாங்கி வைக்க வேண்டியது யாரு.

குழாய் தெரியலைன்னா தட்டக் கூடாது. கைய கட்டிலுக்குக் கீழ தொங்கப் போடச் சொல்லுங்க, வெந்நீர்ல நனைச்சுப் பிழிஞ்ச துணிய அஞ்சு நிமிஷம் சுத்தி வைங்க, தானா எழும்பி வரும். விரலால அமுக்குனா ரப்பர் மாதிரி அமுங்கி எழும்பணும். கயிறு மாதிரி விறைப்பா இருந்தா அது ஏற்கனவே கெட்டுப்போனது. துடிச்சா அது தமனி, பக்கத்துலயே போகப்படாது. கட்டுத கட்டும் நாலு விரல் மேல, நாடி நிக்காத அளவுக்குத்தான். குளோர்ஹெக்சிடின் கலந்த ஸ்பிரிட்டால 30 செகண்டு தேய்ச்சு தானா காய விடணும், காயும்போதுதான் அது கிருமிய கொல்லுது, வாயால ஊதுனா உள்ள இருக்க கிருமியெல்லாம் அங்கனதான வந்து உக்காரும். துடைச்ச இடத்த திரும்பத் தொடக் கூடாது. சில பிள்ளைங்க கிளவுஸ்ல ஆள்காட்டி விரல மட்டும் கிழிச்சு விட்டுட்டு தடவுவாங்க, நானே செஞ்சிருக்கேன், மறைக்க என்ன இருக்கு.

சரிவா வச்சு குத்தணும், வயசானவங்களுக்கு இன்னும் படுக்கையா, தோல் மெலிசு பாருங்க. பின்னாடி ரத்தம் தெரிஞ்சதும் ஊசிய இன்னும் கொஞ்சம் சாய்ச்சு ஒரு நூல் உள்ள தள்ளிட்டு, பிளாஸ்டிக்க மட்டும் நகத்தணும். இதுல ஒண்ணு மட்டும் கண்டிப்பா: வெளிய இழுத்த ஊசிய திரும்ப அந்தக் குழாய்க்குள்ள சொருகவே கூடாது. பிளாஸ்டிக் நுனி அறுந்து ரத்தத்தோட போயிரும். ஒரு ஆள் ரெண்டு தடவ குத்தி கிடைக்கலைன்னா அடுத்த ஆளக் கூப்பிடணும், அதுல கௌரவம் பாக்கக் கூடாது. எடுத்த ஊசிக்கு மூடி மாட்டாதீங்க, நேரா டப்பாவுல போடுங்க.

டயாலிசிஸ் பண்ணுதவங்க ஃபிஸ்துலா கையில (டயாலிசிஸுக்குன்னு ஆபரேஷன் பண்ணி ரத்தக்குழாய இணைச்சு வச்ச கை) பிபி பாக்கவும் ஊசி போடவும் விடவே கூடாது. கிட்னி கோளாறுன்னு தெரிஞ்சவங்களுக்கு முன்னங்கை குழாய பிற்காலத்துக்குன்னு பத்திரமா வச்சிருந்து புறங்கைல போடணும். மார்புல கட்டிக்கு ஆபரேஷன் பண்ணி அக்குள்ல நெறிகட்டி எடுத்திருந்தா அந்தப் பக்கத்தக் கையையும் சொல்லிருங்க. அவங்களா கேக்கலைன்னாலும் நீங்களா சொல்லுங்க.

மூணாம் நாள் காலைல அக்கா கையப் பாக்கேன், பிளாஸ்டர சுத்தி செவசெவன்னு, மேல நாலு இஞ்சுக்கு சூடா, தொட்டா கயிறு. என்னைக்குப் போட்டதுன்னு பிளாஸ்டர் மேல தேதியே இல்ல. "இன்னும் ஓடுதுல்லா, இருக்கட்டும்"ங்கா அக்கா. ஓடுனா நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்லக்கா. எங்க காலத்துல மூணு நாள் ஆனா நல்லா இருந்தாலும் எடுத்துருவோம், இப்ப கோளாறு தெரிஞ்சா மாத்துனா போதும்ங்காவ, சரிதான், ஆனா அதுக்கு ஒவ்வொரு ட்யூட்டிலயும் ஒருத்தர் பிளாஸ்டர் மேல விரல வச்சு அமுக்கிப் பாக்கணும்லா. வெள்ளத் துணி பிளாஸ்டர் ஒட்டி மூடிட்டா எதத் தெரியும்? கண்ணாடி மாதிரி தெரியுத பிளாஸ்டர் இருக்கு, அதப் போடலாம்.

இன்னொண்ணும் சொல்லணும். முதல் நாள் வாந்தில அவளுக்கு ட்ரிப்ஸ் தேவைதான், நான் இல்லைங்கல. ரெண்டாம் நாள் மத்தியானமே கஞ்சி குடிச்சா, மாத்திரை தங்குச்சு, அப்பவே எடுத்திருக்கலாம். ஆனா நம்ம சனங்களே "ஒரு பாட்டில் ஏத்துங்க தெம்பா இருக்கும்"னு டாக்டர நச்சுதோம். 500 மில்லி 5 சதவீத குளுக்கோஸ்ல இருக்கது 25 கிராம் சர்க்கரை, அஞ்சாறு டீஸ்பூன். அத டீயில போட்டுக் குடிச்சிரலாம்.

மூணாம் நாள் நானே கூப்பிட்டு காட்டுனதும் அந்தப் பிள்ள முகம் வாடிப்போச்சு. எடுத்துட்டு, நுனி முழுசா இருக்கான்னு பாரும்மான்னேன், பார்த்தா, பஞ்ச வச்சு ரெண்டு நிமிஷம் அமுக்கிக்கிட்டே நின்னா. ராத்திரி முழுக்க ஒத்த ஆளா ஒரு ஃப்ளோரையே பார்த்திருக்கா. ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்காரங்க டூர்னிக்கே, ரோஸ், நீலம், மஞ்சள், தெரியுத பிளாஸ்டர், தேதி எழுத ஒரு பேனா, இத்தனையும் வாங்கி வச்சா போதும், மிச்சத்த அவ கத்துக்கிடுவா.

அக்கா வீட்டுக்கு வந்து மூணு வாரம் ஆச்சு. கையில ரத்தக்குழாய் இன்னும் கல்லு மாதிரிதான் இருக்கு, கத்திரிய இடது கையில பிடிச்சுப் பாக்கா, இல கோணக் கோணயா வெட்டுப்படுதுன்னு தட்ட ஓரமாத் தள்ளி வச்சிருக்கா.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருத்தி,
பாளையங்கோட்டை.